திட்டுக்கு எந்த அட்டை?

நான் வேலை பார்க்கும் கிரேக்க நாட்டுத் தெஸலோனிகி நகரத்து அலுவலகத்தில், காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு காரியம் செய்தாக வேண்டும். சுவரில் ஒரு பலகை. அதில் எங்கள் மூன்று பேரின் பெயர்கள். பக்கத்து மேசையில் கட்டுக்கட்டாக அட்டைகள். இன்றைக்கு உன் மனநிலை என்ன என்று யோசித்து, அதற்குரிய அட்டையை எடுத்து, உன் பெயருக்குக் கீழே குண்டூசியால் குத்திவிட்டுத்தான் கம்ப்யூட்டரைத் திறக்கலாம். ஜெகதாப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஊரில் காலையில் ஆளைப் பார்த்தால், கடலுக்குப் போன போட்டு வந்துவிட்டதா, என்ன மீன், என்ன விலை என்று கேட்பார்கள். உன் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று எவராவது கேட்டால், என்னைப் பார்த்தால் கிறுக்கு மாதிரி தெரிகிறதா என்று சண்டைக்குப் போய்விடுவோம். முதல் வாரம் ஒரு வெள்ளைத் தாளில் 'பசி' என்று கிரேக்கத்தில் எழுதிக் குத்தி வைத்தேன். முதலாளி கத்தரீனா சிரித்தாள். இரண்டாவது வாரமும் அதையே குத்தினேன். பசி ஓர் உணர்ச்சி இல்லையே என்றாள். சாப்பிடாமல் வந்து பார், தெரியும் என்றேன்.

அந்த அட்டைகள்தான் எங்கள் பிழைப்பு. பள்ளிக்கூடங்களுக்காக ஒரு பதிப்பகம் கேட்டிருந்தது. அட்டையின் மேல் வரியில் ஓர் உணர்ச்சிக்கான ஆங்கிலச் சொல். நடுவில் இன்றைய கிரேக்கம். கீழே பழைய கிரேக்கம். பின்பக்கத்தில், மனிதருக்கு அந்த உணர்ச்சி எப்போது வரும் என்று காட்டுகிற ஒரே ஒரு ஆங்கில வாக்கியம். இன்றைய கிரேக்கம் கத்தரீனாவின் பொறுப்பு. பழைய கிரேக்கத்துக்குப் பள்ளிக்கூடத்தில் அதையே பாடமாக நடத்தி ஓய்வு பெற்ற ஸ்தமதீயா. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு வராது. 'கிரியா' என்பேன், நாம் 'அம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடுவது மாதிரி. ஆங்கிலமும் பின்பக்க வாக்கியமும் என் பொறுப்பு. புதுக்கோட்டையில் ஆங்கில எம்.ஏ. முடித்து, மொழிபெயர்ப்பு படிக்க இங்கே வந்து, அப்படியே தங்கிவிட்டவள் நான். இந்தியப் பெண் எழுதும் ஆங்கிலம் சரியாக இருக்குமா என்று பதிப்பகத்திலிருந்து ஆரம்பத்திலேயே கேட்டார்கள். கிரேக்கர்கள் ஆங்கிலத்தைச் சரிபார்க்கும்போது நான் எழுதக் கூடாதா என்று திருப்பிக் கேட்டேன். அத்தோடு அந்தப் பேச்சு அப்போதைக்கு அடங்கியது.

வேலை எனக்குப் பிடித்திருந்தது, அதை ஒளிக்க மாட்டேன். 'ஆங்ஹோஸ்' என்று இன்றைக்கு எல்லாரும் சொல்கிற பதற்றத்துக்கு, பழைய கிரேக்கத்தில் கழுத்தை நெரிப்பது என்கிற வினைச்சொல்தான் வேர் என்று கிரியா தன் கழுத்தையே இரண்டு கைகளாலும் பிடித்துக் காட்டுவார். எங்கள் ஊரில் நெஞ்சை அடைக்கிறது என்பார்கள், நீங்கள் கொஞ்சம் மேலே போய்விட்டீர்கள் என்பேன். கத்தரீனாவுக்கு 'பராபொனோ' என்ற சொல்லைப் பற்றி ஏகப்பட்ட பெருமை. வேண்டியவர்கள் நம்மைக் கவனிக்காமல் விட்டால் வருகிற குறை, அதிலே கொஞ்சம் வலி, கொஞ்சம் உரிமை. உலகத்தில் எந்த மொழியிலும் இதற்குச் சொல் கிடையாது என்றாள். மனத்தாங்கல் என்றேன். விளக்கச் சொன்னாள். விளக்கினேன். அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. எங்கள் கல்யாண வீடுகளில் பத்திரிகை வைக்க மறந்த சித்தப்பாக்களிடம் மட்டுமே மூட்டை மூட்டையாக இருக்கும் சரக்கு அது, உனக்கு வேண்டுமானால் பார்சல் அனுப்பச் சொல்கிறேன் என்று சேர்த்துச் சொன்னேன்.

ஊர் ஏக்கம் என்ற அட்டைக்கு மட்டும் நான் வாக்கியம் எழுத மறுத்தேன். நீதானே வெளிநாட்டுக்காரி, உன்னைவிட யார் எழுத முடியும் என்று கத்தரீனா கெஞ்சினாள். எனக்கு ஊர் ஏக்கம் கிடையாது. மீன் கிடைக்கிறது, அரிசி கிடைக்கிறது, கடலும் இருக்கிறது. இங்கே வந்து குடியேறினவள் என்றால் ஜன்னலோரம் நின்று கண்ணீர் விட வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? கிரியாவும் அந்த அட்டையின் பழைய கிரேக்க வரியில் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருந்தார். 'நொஸ்தல்யீயா' என்பது பார்க்கத்தான் பழசு, வேறு தேசத்து வைத்தியர் ஒருவர் பழைய கிரேக்கத் துண்டுகளை ஒட்டிச் செய்த சொல், எங்கள் முன்னோருக்கு அது தெரியாது என்றார். அந்த அட்டையைக் கடைசியில் கத்தரீனாவே எழுதிக்கொண்டாள்.

இப்படி வம்பும் வேலையுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மத்தியானம் அம்மா போன் செய்தார். அம்மா அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் விஷயம் வேறு.

"ஆத்தா, ஒங்கண்ணன் ஏறிப்போன போட்டப் புடிச்சுட்டுப் போயிட்டாய்ங்க. அவனோட சேத்து அஞ்சு பேரு."

ஜெகதாப்பட்டினத்தில் இந்தச் செய்தி வராத வருஷம் கிடையாது. கடல் எல்லையைத் தாண்டியதாகச் சொல்லி அக்கரைக் கடற்படைக்காரர்கள் பிடித்து வைத்துவிடுவார்கள். எப்போது விடுவார்கள், போட்டை விடுவார்களா மாட்டார்களா, ஒன்றும் தெரியாது. ஆனால் நம் வீட்டு ஆள் என்கிறபோது அது வேறு செய்தி. என் அண்ணன் சேகர், என்னை முதுகில் உப்பு மூட்டை தூக்கியவன். அவ்வளவுதான், நான் ஆரம்பித்துவிட்டேன். "அவனுக்கு அறிவிருக்கா? காத்து சரியில்லன்னு போன வாரமே சொன்னேன்ல? எருமை! வரட்டும், வந்தான்னா கால ஒடிச்சு வீட்ல ஒக்கார வைக்கிறேன்!"

"நீ எதுக்கு ஒடிக்கிற? நா ஒடிப்பேன்," என்றார் அம்மா. "வாரேன், வந்து திங்கிறேன், வாளமீன் கருவாட்டுக் கொழம்பு வச்சு வையின்னுட்டுப் போனான், மூதேவி. இப்ப யாரு திங்கிறது அத?"

இப்படியே இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் கத்தினோம். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கத்தரீனா ஒரு டம்ளர் தண்ணீரை என் கையில் கொடுத்தாள். பிறகு, பாவம், நல்ல மனசுக்காரி, மேசையிலிருந்து ஓர் அட்டையைத் தேடி எடுத்து என் பெயருக்குக் கீழே மெதுவாகக் குத்தினாள். கோபம். விஷயத்தைச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. உடனே விடுப்பு எடுத்துக்கொள் என்றாள். இந்த நிலைமையில் நீ உணர்ச்சிகளைப் பற்றி எழுதக் கூடாது, மிச்ச அட்டைகளை இங்கிலாந்துக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறேன், பதிப்பகமும் அதைத்தான் விரும்புகிறது என்றாள்.

"எனக்குக் கோபம் இல்லை," என்றேன்.

"இப்போதுதானே கத்தினாய்?"

"ஆமாம், கத்தினேன்."

"யாரை?"

"அண்ணனை. அவன் அங்கே பிடிபட்டுக் கிடக்கிறான்."

அவள் கிரியாவைப் பார்த்தாள். பிடிபட்டுக் கிடக்கிற அண்ணனை ஒருத்தி இப்படித் திட்டுவாளா என்பது அந்தப் பார்வை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று நம்மில் பலரே ஒரு பழமொழியை எடுத்து வீசிவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் கடற்கரைத் திட்டு அந்தப் பழமொழிக்குள் அடங்காது.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்திருக்கிறேன். அப்பாவும் கடலுக்குப் போனவர்தான். இப்போது இல்லை, கரையில், காய்ச்சலில் போனார். அவர் போன போட்டு வர வேண்டிய நேரத்துக்கு வராவிட்டால் அம்மா அழ மாட்டார். பயமாக இருக்கிறது என்ற சொல்லே வீட்டில் வரக் கூடாது. நான் ஒரு தடவை மூக்கை உறிஞ்சினேன். முதுகில் ஒன்று வைத்தார். "உசுரோட இருக்க மனுசனுக்கு அழுவுறியா? அச்சானியம் புடிச்சவளே!" அழுகை செத்தவர்களுக்கு உரியது, அதை முன்கூட்டியே எடுத்து விரிக்கக் கூடாது. ஆனால் சும்மாவும் இருக்க முடியாதே. அதனால் திட்டுவார். கரையில் நின்று, அடுப்படியில் நின்று, தண்ணீர்க் குழாயடியில் நின்று. நாயே, பேயே, எருமை, மூதேவி, சோம்பேறி, சோத்துக்குக் கேடு, எல்லாம் வரும். கட்டையில போறவனே, பாழாப் போறவனே இரண்டும் வராது. மற்ற நாளில் வாய்க்கு வாய் வருகிற சொற்கள்தான், போட்டு கரைக்கு வருகிறவரை அவற்றை எவளும் தொட மாட்டாள். தெருவில் அத்தனை வீட்டிலும் இதே நடைமுறை. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. முதுகில் வாங்கித் தெரிந்துகொண்டதுதான்.

இதையெல்லாம் தண்ணீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கிரேக்கத்தில் சொல்ல எனக்கு அன்றைக்குத் தெம்பில்லை. என் பெயருக்குக் கீழே இருந்த கோப அட்டையைப் பிடுங்கி மேசையில் போட்டேன். "நான் ஊருக்குப் போகிறேன். விடுப்பு வேண்டாம். மிச்ச அட்டைகள் என்னுடையவை. அங்கிருந்து முடித்து அனுப்புவேன். முடியவில்லை என்றால் உன் இங்கிலாந்துக்காரரைக் கூப்பிட்டுக்கொள்," என்றேன். கத்தரீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிரியா அவள் கையைத் தொட்டு, விடு, போகட்டும் என்றார்.

திருச்சியில் இறங்கி, அறந்தாங்கியில் பஸ் மாறி, ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். துறைமுகத்தில் போட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. பிடித்தவர்களை விடும்வரை யாரும் கடலுக்குப் போவதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். ஐஸ் கம்பெனியில் சத்தமே இல்லை. ஏலம் நடக்கிற கொட்டகையில் நாய்கள் படுத்திருந்தன. வீட்டில் அம்மா, கொடியில் கிடந்த அண்ணன் சட்டையைத் திட்டிக்கொண்டிருந்தார். "காலர்ல அழுக்கப் பாரு. இவனுக்குத் தொவைச்சே எங் கை தேஞ்சு போச்சு. வரட்டும், அவனே தொவைக்கட்டும்." என்னைப் பார்த்ததும் சட்டையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ எதுக்குடி வந்த, இம்புட்டுக் காசச் செலவழிச்சுக்கிட்டு?" எனக்கும் ஒரு பங்கு கிடைத்தது. மதினி உள்ளே பாத்திரத்தை ணங்கென்று வைத்து, "வந்தான்னா இந்தக் கரண்டியாலயே மண்டையில வைக்கப்போறேன்" என்றாள். அப்பாடா, வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று பையை இறக்கினேன்.

மறுநாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். மைக்கைப் பிடித்திருந்தவர் நம் பக்கத்து ஆள்தான், பேச்சிலேயே தெரிந்தது. "எப்புடி ஃபீல் பண்றீங்கம்மா? மகன நெனச்சு ரெண்டு வார்த்த அழுதுக்கிட்டே சொல்லுங்க" என்றார். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. தெஸலோனிகியில் குத்துகிற அட்டை ஜெகதாப்பட்டினத்துக்கும் வந்துவிட்டது.

அம்மா முந்தானையை உதறி இடுப்பில் செருகினார். "உசுரோட இருக்க புள்ளைக்கு நா எதுக்குய்யா அழுவணும்? ஒங்காத்தாள அழச் சொல்லு. அந்த நாய் வரட்டும், அப்பப் பேசிக்கிறேன். கேமராவ எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போங்க." அன்று மாலை அதைப் போட்டார்கள். மகன் மீது தாய் ஆவேசம் என்று கீழே எழுத்து ஓடியது. கிரேக்கக்காரிக்குப் புரியவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டிருந்தேன், நம்மாளுக்கே புரியவில்லை. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. இது மட்டும் கோபம்தான், கத்தரீனா தாராளமாக அட்டை குத்தலாம்.

அந்த எரிச்சலோடு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்து, மிச்சமிருந்த அட்டைகளில் ஒன்றை எடுத்தேன். நம்பிக்கை. கத்தரீனா 'எல்பீதா' என்று எழுதியிருந்தாள், கிரியா 'எல்பிஸ்' என்று. பின்பக்கம் எழுதினேன்: மகன் இன்னும் வீடு வந்து சேரவில்லை, தாய் அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த நாளே கத்தரீனா வீடியோவில் வந்தாள். பக்கத்தில் கிரியா. இந்த வாக்கியம் கோபத்துக்கானது, தப்பான அட்டையில் எழுதிவிட்டாய், சோர்வில் அப்படி ஆகும் என்றாள். சரியான அட்டையில்தான் எழுதினேன் என்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குழம்பிப்போவார்கள் என்றாள். குழம்பட்டும், பிறகு தெளிவார்கள் என்றேன். விதை முளைப்பது, சூரியன் உதிப்பது என்று ஏதாவது எழுதேன் என்றாள். அதை எழுத இங்கிலாந்துக்காரர் போதும், நான் எதற்கு? "மாற்று. இல்லாவிட்டால் நான் மாற்ற வேண்டியிருக்கும். மிச்சத்தையும் அவரிடமே கொடுக்க வேண்டியிருக்கும்," என்றாள். குரலில் கண்டிப்பு இருந்தது. "தாராளமாகக் கொடு. ஆனால் அந்த வாக்கியத்தைத் தொட்டால் எல்லா அட்டையிலிருந்தும் என் பெயரை எடுத்துவிடு," என்றேன். இத்தனை மாத உழைப்பு. ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கவில்லை.

கிரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பழைய 'எல்பிஸ்' எப்போதும் இனிப்பானது இல்லை, கத்தரீனா. நல்லதோ கெட்டதோ, வரும் என்று காத்திருப்பது அது," என்றார். பிறகு என்னிடம், "உன் அம்மாவைக் கூப்பிடு, நான் ஒன்று கேட்க வேண்டும்," என்றார். அம்மா மாடிப்படி ஏறி வந்து, வெள்ளைக்கார முகங்களைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா, சாப்புட்டீங்களா" என்று கும்பிட்டார். கிரியாவும் கும்பிட்டார். மகன் வரமாட்டான் என்று தோன்றினால் திட்டுவீர்களா, இதுதான் அவர் கேள்வி. தமிழில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, அந்தம்மா நீ ஏன் அழுவாம திட்டுறேன்னு கேக்குறாங்க என்றேன்.

"வர மாட்டான்னா யாரப் புடிச்சுத் திட்டுறது?" என்றார் அம்மா. "வீட்டுக்கு வர்ற பயலத்தான திட்ட முடியும். இது கூடவா அவுகளுக்குத் தெரியாது?"

கிரேக்கத்தில் சொன்னேன், கடைசி வாக்கியத்தையும் விடாமல். கத்தரீனா பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அம்மா படியிறங்கும்போது, "அந்தக் கண்ணாடி போட்ட அம்மா வெவரமானவுக" என்றார்.

கொஞ்ச நாளில் ஆட்களை விட்டார்கள், போட்டை விடவில்லை. சென்னை வரை விமானம், அங்கிருந்து வேன். ஒரு மத்தியானம் தெருமுனையில் வேன் நின்று, அண்ணன் இறங்கி வந்தான். தாடி, ஒட்டிய கன்னம், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அம்மா குழம்புக் கரண்டியோடு வாசலுக்கு வந்தார். "இப்பத்தான் வீட்டுக்கு வழி தெரிஞ்சுச்சாக்கும்? ஒழுங்கா கரையப் பாத்துப் போட்ட ஓட்டத் தெரியாது, நீயெல்லாம் ஒரு ஆளு! எலும்பும் தோலுமா வந்து நிக்குது பாரு, எருமை..." தெருவே கூடி நின்றது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு, கோயிலில் விபூதிக்கு நிற்பவன் மாதிரி நின்று வாங்கிக்கொண்டான். மதினி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கரண்டியெல்லாம் தூக்கவில்லை. சேர்த்து வைத்த அத்தனையும் தீர்ந்ததும் அம்மா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து அழுதார். ஓவென்று அழுதார். யாரும் தடுக்கவில்லை. நானும் அழுதேன். அந்தப் பக்கம் கத்தரீனாவுக்கு வீடியோ போட்டுக் காட்டியிருக்கலாம், பார், இதுதான் என்று. கை போனுக்குப் போகவே இல்லை. எங்கள் அழுகைக்கு எவரிடமும் அத்தாட்சி வாங்க வேண்டியதில்லை. அன்று மாலை, அண்ணன் வந்துவிட்டான் என்று மட்டும் ஒரு வரி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. திட்டினார்களா, என்று கேட்டிருந்தாள்.

வாக்கியம் அப்படியே அச்சுக்குப் போனது. பதிப்பகத்தில் கேள்வி கேட்டார்கள், கத்தரீனாவே மல்லுக்கு நின்றாள் என்று கிரியா சொன்னார். நான் தெஸலோனிகிக்குத் திரும்பினேன். அண்ணன் வேறொருவரின் போட்டில் மறுபடியும் கடலுக்குப் போகிறான், வேறென்ன செய்வான்.

இதோடு முடிந்திருந்தால் நான் ஜெயித்த கதை என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். போன வாரம் எனக்கு இங்கே நீண்ட காலம் தங்குவதற்கான அனுமதி கிடைத்தது. வருஷா வருஷம் வரிசையில் நின்று புதுப்பிக்க வேண்டியதில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். கையில் கிரீமோடு அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, குதித்துக்கொண்டு சொன்னேன். தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனதற்கு வாங்கிக் கட்டிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

"சந்தோசம் ஆத்தா," என்றார் அம்மா. "நல்லாருங்க. ஒடம்பப் பாத்துக்கங்க. நேரத்துக்குச் சாப்புடுங்க."

நல்லாருங்க. பாத்துக்கங்க. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் பேசுகிற மாதிரி. என் அம்மா என்னிடம் அவ்வளவு மரியாதையாக ஒருநாளும் பேசியதில்லை.

"ஏம்மா என்னயத் திட்ட மாட்டேங்குற?"

"ஒன்னத் திட்டி என்னாத்தா ஆகப்போகுது? நீ அங்கிட்டே இருக்கப்போறவ."

ஊர் ஏக்கம் கிடையாது என்று சபதம் போட்டவள் நான். இப்போதும் கிடையாது. இந்த வேலை வேண்டும், இந்த ஊர் வேண்டும், அந்த அனுமதியை நான் சம்பாதித்திருக்கிறேன், திருப்பிக் கொடுக்க மாட்டேன். ஆனால் இது என்ன நியாயம்? பிடிபட்டுப் போனவனுக்கு இருக்கிற உரிமை, வேலைக்குப் போனவளுக்கு இல்லையா? கேக் தட்டை வைத்துவிட்டுக் கத்தினேன். "வருவேன்! மாசிக்கு வருவேன். எத்தன வருசமானாலும் வந்துக்கிட்டேதான் இருப்பேன். ஒழுங்கா என்னயத் திட்டு!"

அந்தப் பக்கம் ஐஸ் கம்பெனி மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பலகைக்குப் பக்கத்தில் நின்ற கத்தரீனா கோப அட்டை இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். எடுக்கவில்லை.

"மாசிக்கு வருவியாக்கும்," என்றார் அம்மா மெதுவாக. பிறகு குரல் ஏறியது. "தீவாளிக்கு வாரேன்னுட்டு ஏமாத்துனவதான நீ? அதுரசம் சுட்டு வச்சு, பூசணம் புடிச்சு, எடுத்துக் கொட்டுனேன்டி நாயே! பொம்பளப் புள்ளையா நீ, பிடாரி! வா, வந்தேன்னா அந்த வெளக்கமாத்த எடுத்து..."

நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். கிரியா பக்கத்தில் வந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

"திட்டுகிறார்கள்," என்றேன்.

"தோக்சா தோ தெயோ," என்றார் கிரியா, எல்லாம் கடவுள் புண்ணியம் என்று நாம் சொல்வது மாதிரி. சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, தன் நாற்காலியையும் போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.